வரிசை எண் இருபத்தேழு

ஜூன் 3, திங்கள்

கல்யாண மண்டபத்துக்கும் சூரிய மின்சக்திக்கும் என்ன சம்பந்தம்? இன்று மதியத்திலிருந்து இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறேன். பொருளாதாரத்தில் முதுகலை, சட்டத்தில் இளங்கலை, மசோதா எழுதுவதில் இருபத்திரண்டு வருட அனுபவம். என்னிடம் பதில் இல்லை.

சூரிய மின்சக்தி ஊக்குவிப்பு மசோதாவின் வரைவு என் பொறுப்பில் இருக்கிறது. மாதக் கடைசியில் பேரவையில் வைக்க வேண்டும். மசோதாவில் முப்பத்தொரு பிரிவுகள். அவற்றை யாரும் படிப்பதில்லை. அவற்றுக்குப் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது: யார் யாருக்கு மின்கட்டணச் சலுகை என்று வரிசை எண் போட்ட பட்டியல். அதை எல்லோரும் படிக்கிறார்கள். சென்ற மாதம் நான் எழுதி முடித்தபோது அதில் ஐந்து வரிசைகள் இருந்தன. இன்று பதினொன்று.

அமைச்சரின் நேர்முக உதவியாளர் தணிகைவேல் மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்து வந்தார். நாற்பது வயது, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் நாலைந்து துண்டுச் சீட்டுகள். உறுப்பினர்கள் அமைச்சரிடம் கொடுக்கும் சீட்டுகள் அந்தப் பை வழியாகத்தான் என் மேசைக்கு வருகின்றன.

"மேடம், ஒரு சின்ன உதவி. கல்யாண மண்டபம்னு ஒரு லைன் போட்டுக்குங்க."

"எதுக்கு?"

"மொட்டை மாடி எவ்ளோ பெருசு. பேனல் போடலாமே."

"போட்டிருக்காங்களா?"

"போடலாம் மேடம்."

'சூரியத் தகடு பொருத்தியிருக்கும் மண்டபங்களுக்கு மட்டும்' என்று எழுதிக் காட்டினேன். மாத்திரை தொண்டையில் நின்றவர்போல முகத்தை வைத்துக்கொண்டு போனார்.

மற்ற பத்தில் ஐந்தாவது வரிசை நானாகச் சேர்த்தது. வீட்டில் மூச்சுக் கருவி வைத்திருக்கும் நோயாளிகளுக்கு, அந்தக் கருவிக்குச் செலவாகும் மின்சாரத்தை வீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மருத்துவர் சான்று வேண்டும். இதை யாரும் கேட்கவில்லை. இருப்பது நியாயம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

தண்ணீர்த் தொட்டி கழுவும் ஆளுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

அப்பளம்.

"அப்பளம் எதுல காயுது மேடம்?" என்றார் தணிகைவேல்.

"வெயில்ல."

"அப்ப அது சூரிய சக்தியில நடக்கற தொழிலா, இல்லையா? இந்த லிஸ்ட்லயே உண்மையான சூரிய சக்தி அதான்."

பத்து நிமிடம் யோசித்தும் இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. பன்னிரண்டு.

ஜூன் 6, வியாழன்

தீப்பெட்டி, கோழிப் பண்ணை, ஐஸ் தொழிற்சாலை. பதினைந்து.

எங்கள் பிரிவு அலுவலர் மும்தாஜ் அட்டவணைக்குத் தனிக் கோப்பு போட்டுவிட்டாள். "மசோதா ஒல்லியா இருக்கு, வால் குண்டா இருக்கு மேடம்" என்றாள்.

மிக்ஸி பழுது. சட்னி இல்லாமல் இட்லி.

ஜூன் 9, ஞாயிறு

கீழ் வீட்டு நஞ்சப்பன் பற்றி இதுவரை இந்த நோட்டில் எழுதியதில்லை. எழுத ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

அறுபத்தொரு வயது. கோயம்புத்தூரில் இரும்பு வார்ப்படப் பட்டறை ஒன்றில் முப்பத்தைந்து வருடம் மேற்பார்வையாளர். அங்கே மூச்சோடு உள்ளே போன மணல்தூள் இன்னும் நுரையீரலை விட்டு வெளியே வரவில்லை. மனைவி இறந்த பிறகு, மகன் வாங்கிப் போட்டிருந்த இந்த வீட்டுக்கு வந்தார். மகன் மஸ்கட்டில். இரண்டு வருடமாக என் செய்தித்தாளை எனக்கு முன்பு அவர்தான் படிக்கிறார். குறுக்கெழுத்தில் பாதியை நிரப்பி, மீதியை எனக்கு விட்டுவைப்பார். கஷ்டமானவற்றை நிரப்பிவிட்டுச் சுலபமானவற்றை விட்டுவைக்கிறாரா, இல்லை நேர்மாறாகவா என்று இன்னும் பிடிபடவில்லை.

இன்று காலை பேப்பர் வாங்கப் போனபோது சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். ஒவ்வொரு தேதியிலும் பென்சிலால் ஓர் எண்.

"இது என்ன?"

"மீட்டருங்க. தெனம் காத்தால பாத்து எழுதிருவனுங்க."

ஆக்சிஜன் மிஷின் வந்த பிறகு அவருக்கு இதே வேலை. இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் மேல் படிக்கு ஏறிவிடும். தாண்டாமல் இருக்க மிஷினைக் கணக்குப் பார்த்து ஓட்டுகிறார். சென்ற முறை நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. பெருமையாகச் சொன்னார்.

"டாக்டர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சொல்லியிருக்கார்?"

"பதினாறுங்க. நான் ஒம்பதுல முடிச்சுக்கறனுங்க."

"மீதி ஏழு மணி நேரம்?"

"சும்மா உக்காந்துக்கறனுங்க. சும்மா உக்கார்றதுக்கு எதுக்குங்க ஆக்சிஜன்?"

கூடுதலாக வருவதை நான் கட்டுகிறேன் என்றேன். சிரித்தார்.

"ஓசியில மூச்சு உட்டுப் பழக்கமில்லீங்க மேடம்."

மகனுக்கு ஆறு மாதமாக வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

மிஷின் ஓடினால் என் சமையலறைத் தரையில் இலேசான உறுமல் கேட்கும். இன்று காலை 9.10 முதல் மதியம் 2.35 வரை ஓடவில்லை. குறிப்பாகக் கவனிக்கவில்லை. சமையலறையில் வேலை இருந்தது.

ஜூன் 10, திங்கள்

கூட்டம். அமைச்சர், செயலாளர், நிதித் துறை இணைச் செயலாளர், நான், மும்தாஜ், தணிகைவேல். அட்டவணையை வரிசையாகப் பார்த்தார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் கோப்பில் ஒரு சங்கத்தின் மனு இருக்கிறதா என்று நிதித் துறைக்காரர் சரிபார்த்தார். அப்பளத்துக்கு மூன்று மனுக்கள். ஒன்றில் மாதிரிக்கு ஓர் அப்பளம் இணைத்திருந்தார்கள்.

ஐந்தாவது வரிசைக்கு வந்தபோது நிமிர்ந்தார்.

"இது யார் கேட்டது?"

"யாரும் கேக்கலை சார்" என்றேன்.

"யாருமே கேக்காததை எதுக்குக் கொடுக்கணும்?"

"கேக்கற நிலைமையில அவங்க இல்லை."

"சரி, ஆக்சிஜன் மிஷினுக்கும் சூரிய சக்திக்கும் என்ன சம்பந்தம்?"

இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை என்னுடையது என்று இதுவரை நினைத்திருந்தேன். ஐந்தை அடித்தார்கள். ஆறு ஐந்தாயிற்று, ஏழு ஆறாயிற்று. எல்லோரும் ஒரு படி முன்னேறியதில் அறையில் கொஞ்சம் சந்தோஷம் தெரிந்தது.

வெளியே வந்ததும் மும்தாஜ் மெதுவாகச் சொன்னாள்: "செடியெல்லாம் வெயில்லதானே மேடம் ஆக்சிஜன் விடுது? அதைச் சொல்லியிருக்கலாம். அப்பளத்தைவிட நல்ல காரணம்."

ஆமாம். தோன்றவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

தொட்டி கழுவும் ஆள் வந்தான். பாதி கழுவிவிட்டு மீதிக்கு நாளை வருகிறேன் என்றான்.

ஜூன் 13, வியாழன்

ஐஸ் தொழிற்சாலைக்காரர்களுக்குக் கோபம். கோழிப் பண்ணைக்குக் கீழே தங்களைப் போட்டது அவமானமாம். கடலோரத் தொகுதி உறுப்பினர் ஒருவர் நேரிலேயே வந்தார். வரிசை எண்ணுக்கும் சலுகைக்கும் தொடர்பில்லை, எல்லோருக்கும் ஒரே அளவுதான் என்று விளக்கினேன்.

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊர்ல போஸ்டர் அடிக்கும்போது என்ன நம்பர்னுதானேம்மா கேப்பாங்க?"

ஐஸைக் கோழிக்கு மேலே ஏற்றினேன். மாலைக்குள் கோழி வந்துவிட்டது. கோழியைத் தீப்பெட்டிக்கு மேலே ஏற்றினேன். தீப்பெட்டிக்கு நாளை சொல்ல வேண்டும்.

இன்று மட்டும் மூன்று புதியவை: தென்னை நார், உப்பளம், 'கல்வி சார்ந்த குளிர்பதன அரங்குகள்'. கடைசியில் உள்ளது என்ன என்று கேட்டேன். "கேக்காதீங்க மேடம்" என்றார் தணிகைவேல். பதினேழு.

ஜூன் 15, சனி

மாடிப்படியில் மூன்றாவது படியில் நஞ்சப்பன் உட்கார்ந்திருந்தார். கையில் என் செய்தித்தாள். மேலே கொண்டுவந்து கொடுக்கலாம் என்று கிளம்பியிருக்கிறார். உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது.

தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோய், மிஷினைப் போட்டு, குழாயை மாட்டிவிட்டேன். காதில் மாட்டுவதற்கு இரண்டு முறை தவறியது. கால் மணி நேரத்தில் நிறம் திரும்பியது.

"பயந்துட்டீங்களா அம்மிணி?" என்றார்.

வழக்கமாக மேடம் என்றுதான் சொல்வார்.

"இல்லை" என்றேன்.

"முப்பது யூனிட்டு பாக்கி வெச்சிருக்கறனுங்க, கடைசி வாரத்துக்கு. அதுல தாராளமா ஓட்டிக்கலாமுங்க."

மேலே வந்து துணி மடித்தேன். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்ததைக் கடைசியில்தான் கவனித்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

கூட்டணியில் நான்கே உறுப்பினர்கள் உள்ள கட்சி, பேரவையில் வாக்கெடுப்பு வந்தால் யோசிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறது. யோசிக்காமல் இருக்க ஆளுக்கு ஒரு வரிசை. இருபத்தொன்று.

அதில் ஒன்று 'பந்தல் அலங்கார விளக்குகள்'. சலுகை விலையில் சூரிய சக்தி, இரவில் மட்டும் எரியும் விளக்குக்கு. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள்.

ஜூன் 19, புதன்

மும்தாஜ் ஒரு வெள்ளைத்தாளோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"மனுதானே மேடம் பிரச்சினை? சங்கம் ஆரம்பிச்சா போச்சு. வீட்டு ஆக்சிஜன் பயனாளிகள் நலச் சங்கம். ஏழு பேர் கையெழுத்து போதும். தலைவரா உங்க கீழ்வீட்டு சாரைப் போட்டுடலாம்."

கீழ்வீட்டைப் பற்றி நான் இவளிடம் சொன்னதாக நினைவில்லை.

"நீங்க சொல்லலை மேடம். தினமும் பதினோரு மணிக்கு ஒரு போன் போட்டு 'மிஷின் போட்டாச்சா, சாயங்காலம் கீழ வந்து பாக்கட்டுமா'ன்னு கேக்கறீங்க. பாத்திரம் கழுவற மிஷினுக்கு யாரும் இப்படிக் கேக்க மாட்டாங்க."

மசோதா எழுதுகிறவளே மனுவும் எழுதுவது முறையில்லை என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனாலும் மாலையில் நஞ்சப்பனிடம் சங்கம் பற்றிப் பொதுவாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"சங்கம்னா ஊர்வலம் போகோணுமுங்க" என்றார். "எங்காளுக நாலு எட்டு வெச்சா உக்காந்துக்குவாங்க. கோசம் போடச் சொன்னா 'வா' ம்பாங்க, 'ழ்க' வீட்டுக்குப் போய்த்தான் வரும்."

சிரித்தேன். அவரும் சிரித்தார், பிறகு இருமினார், பிறகு நெடுநேரம் இருமினார். மிஷின் அணைந்திருந்தது. போடச் சொன்னேன். ஏழு மணிக்குத்தான் முறை என்றார். மணி ஆறு ஐம்பது. பத்து நிமிடம் இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஜூன் 21, வெள்ளி

இருபத்து நான்கு. மிக்ஸி சரியாகிவிட்டது. நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு திருகாணியை முடுக்கினான்.

ஜூன் 24, திங்கள்

அட்டவணை முடிந்ததாக அறிவிப்பு. இருபத்தேழு. தணிகைவேல் எல்லா மேசைக்கும் மைசூர்பாகு வைத்தார்.

"எண்ணிக்கையும் அமோகமா அமைஞ்சுடுச்சு மேடம். ரெண்டும் ஏழும் ஒம்போது. அமைச்சருக்கு ஒம்போதுதான் எல்லாம். கார் நம்பர், போன் நம்பர், தொகுதிக்குப் போற தேதி."

நான் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தோடு புள்ளியியலும் படித்தவள். எண்களுக்கு அதிர்ஷ்டம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். வாயில் மைசூர்பாகு இருந்தது.

ஜூன் 26, புதன்

தண்ணீர் கேன் உற்பத்தியாளர் சங்கம் உடைந்துவிட்டது. காலையில் ஒரு தலைவர் வந்து, சலுகை தன் சங்கத்தாருக்கு மட்டும் என்று எழுதச் சொன்னார். மதியம் இன்னொரு தலைவர் வந்து, அவர் தலைவரே இல்லை என்றார். மூன்று மணிக்கு இருவரும் ஒரே நேரத்தில் அமைச்சர் அறையில். நான்கு மணிக்கு அமைச்சர் சொல்லிவிட்டார்: இரண்டு பேருக்கும் இல்லை, அந்த வரியை எடுங்க.

எடுத்தேன்.

நஞ்சப்பன் இன்று மதியம் போனை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தார். தூங்கிவிட்டாராம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

ஜூன் 27, வியாழன்

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும்.

பதினொரு மணிக்குத் தணிகைவேல் வந்தார். உட்காரவில்லை.

"மேடம், இப்ப எத்தனை?"

"இருபத்தாறு."

"ரெண்டும் ஆறும்?"

மும்தாஜ் சொன்னாள்: "எட்டு சார்."

"எட்டு" என்றார் தணிகைவேல், யாரோ இறந்துபோன செய்தி சொல்வதுபோல. "அமைச்சர் ஓட்டல்ல எட்டாம் நம்பர் ரூம்ல தங்க மாட்டாரு. எட்டுல ஒரு மசோதாவைக் கொண்டுபோய் வைப்பாரா? ராத்திரியே போன் பண்ணிட்டாரு. எப்படியாவது ஒம்போது ஆக்கு, இல்லேன்னா அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளுன்னுட்டாரு."

"எடுத்து ஒம்பதுக்குக் கொண்டுவரணும்னா பதினெட்டுக்குப் போகணும். எட்டு பேரை எடுக்கணும்" என்றேன்.

"எடுக்கலாம் மேடம். யார் யார்னு நீங்க கையெழுத்து போட்டுக் குடுங்க. நான் லீவ்ல போயிடறேன்."

"அப்ப ஒண்ணைச் சேக்கணும்."

"யாரைச் சேக்கறது? ஒருத்தரைச் சேத்தா வெளிய நிக்கற பன்னெண்டு சங்கமும் உள்ள வந்து உக்காரும். நிதித் துறை வேற, இனிமே காசு கரையற மாதிரி ஒரு வரி கூடாதுன்னு எழுதியே குடுத்துட்டாங்க."

மணி 11.20. மூன்று மணிக்கு அச்சகத்துக்குப் போக வேண்டும். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அழுக்கு எதுவும் இல்லை.

"ஒண்ணு இருக்கு" என்றேன். "பெரிய செலவு கிடையாது. சங்கம் கிடையாது, அதனால சண்டை கிடையாது. பாத்துப் பொறாமைப்பட ஆள் கிடையாது."

"எது மேடம்?"

"பழைய அஞ்சாம் நம்பர்."

"அந்த ஆக்சிஜனா? மனு இல்லைன்னுதானே தூக்கினோம்?"

"மனு இல்லாததுதான் இப்ப வசதி."

தணிகைவேல் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். விரலால் மேசையில் கோடு போட்டுப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"நல்லாத்தான் இருக்கு. நிதித் துறையும் ஒண்ணும் சொல்லாது. எத்தனை பேர்கிட்ட இருந்துடப் போகுது அந்த மிஷினு? சரி மேடம், நான் பேசி முடிச்சுடறேன். ஆனா நீங்களும் எனக்கு ஒண்ணு பண்ணணும்."

"என்ன?"

"கல்யாண மண்டபம். 'தகடு பொருத்தியிருக்கும்'ங்கறதை 'பொருத்த உத்தேசித்திருக்கும்'னு மாத்திக் குடுங்க. மூணு வாரமா மண்டபக்காரங்க என் உயிரை எடுக்கறாங்க."

மூன்று வாரமாக நான் மறுத்துவந்தது இது ஒன்றைத்தான். ஐஸைக் கோழிக்கு மேலே ஏற்றினேன், இரவு விளக்குக்குப் பகல் சலுகை எழுதினேன், இதற்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை. உத்தேசத்தை அளக்க மீட்டர் கிடையாது. மாநிலத்தில் உள்ள அத்தனை மண்டபமும் உத்தேசிக்கும். உத்தேசித்துக்கொண்டே இருக்கும்.

"முடியாது" என்றேன்.

"பரவால்ல மேடம். நீச்சல்குளக்காரங்க ரெண்டு பேர் கீழ நிக்கறாங்க. நிதித் துறைகிட்ட கெஞ்சிப் பாக்கறேன்."

எழுந்தார். சட்டையைச் சரிசெய்தார். கதவுவரை போனார்.

"தணிகைவேல்" என்றேன்.

மாற்றினேன். நானே என் கையால் அடித்துத் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பமும் வைத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. ஒருவித மரியாதை இருந்தது. கேலியாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் மும்தாஜ் ஒன்றும் கேட்காமல் தன் டப்பாவிலிருந்து ஒரு கட்லெட்டை என் தட்டில் வைத்தாள். 2.50க்குக் கோப்பு அச்சகத்துக்குப் போயிற்று. போவதற்கு முன்பு கடைசியாக ஒரு முறை வரிசைகளை எண்ணி, கூட்டிப் பார்த்தேன். ஒன்பதுதான்.

ஜூன் 28, வெள்ளி

அதிகாரிகள் மாடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அமைச்சர் அட்டவணையைப் படித்தார். ஒவ்வொரு வரிசைக்கும் ஏதாவது ஒரு மூலையில் மேசை தட்டினார்கள். அப்பளத்துக்கு மூன்று மூலைகள். கல்யாண மண்டபத்துக்குச் சபையே தட்டியது. எதிர்க்கட்சியிலும் மண்டபம் வைத்திருக்கிறார்கள்போலும். இருபத்தேழுக்கு யாரும் தட்டவில்லை. அந்த அமைதியில் அமைச்சர் தண்ணீர் குடித்தார்.

பிறகு ஓர் உறுப்பினர் எழுந்து, இருபத்தெட்டாவதாகப் பேக்கரிகளையும் சேர்க்க வேண்டும் என்றார். நியாயமான கோரிக்கை என்று நாலைந்து குரல்கள். இல்லையென்றால் உப்பளத்துக்கு அடுத்த ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டுச் சேருங்கள் என்று ஒருவர். கடைசியில் இருப்பதை எடுங்கள் என்று இன்னொருவர். கைப்பிடியை நான் இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது பிறகு உள்ளங்கையைப் பார்த்தபோது தெரிந்தது.

அமைச்சர் திரும்பித் தணிகைவேலைப் பார்த்தார். தணிகைவேல் பார்வையாளர் வரிசையிலிருந்து தலையை இரண்டு முறை இடமும் வலமும் ஆட்டினார்.

"உறுப்பினரின் கோரிக்கை பரிசீலிக்கப்படும்" என்றார் அமைச்சர். குரல் வாக்கெடுப்பு. பதினொரு நிமிடத்தில் மசோதா நிறைவேறியது.

பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. முதல் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, நானே எழுதியது: 'இச்சட்டம், அரசு அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்.' ஆளுநர் ஒப்புதல் வேண்டும், பிறகு விதிகள், பிறகு அறிவிக்கை. நான் எழுதிய சட்டங்களில் மிக வேகமாக நடைமுறைக்கு வந்தது ஒன்றுக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. இன்னொன்று நான்கு வருடமாக நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நஞ்சப்பனின் மீட்டர் கணக்கு இந்த முறை ஜூலை பத்தாம் தேதிவரை. அதற்குள் மிச்சம் பதினேழு யூனிட். காலண்டரில் பார்த்தேன்.

நாளை அவர் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஜூன் 29, சனி

நடந்தது இது.

பத்து மணிக்குப் பேப்பர் வாங்கக் கீழே போனேன். குறுக்கெழுத்தில் ஒரு கட்டம்கூட நிரப்பப்படவில்லை. அட்டவணையை முழுதாகப் போட்டிருந்த பக்கத்தை மேலே வைத்து மடித்திருந்தார். மிஷின் அணைந்திருந்தது. வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பளத்துக்கெல்லாம் குடுத்திருக்காங்களாட்ட இருக்குது மேடம்."

"ஆமாம்."

"கடசீல எங்காளுகளையும் போட்டிருக்காங்க."

"போட்டிருக்காங்க."

"யாரு கேட்டாங்களாமா?"

"யாரும் கேக்கலை. கணக்குக்கு ஒண்ணு குறைஞ்சுது, சேத்துட்டாங்க."

இது முழு உண்மை.

"எனக்கு மட்டுமுங்களா, எல்லாத்துக்குமுங்களா?"

"டாக்டர் சர்டிபிகேட் இருக்கற எல்லாருக்கும்."

"அப்பச் சேரிங்க. அப்ப இது ஓசி இல்லீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எப்ப இருந்துங்க?"

"நேத்திலிருந்து" என்றேன்.

அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, பேப்பரைக் கிட்டத்தில் கொண்டுபோய், ஒரு வரியின் கீழே நகத்தை வைத்தார்.

"'அரசு அறிவிக்கும் நாளில்'னு போட்டிருக்குதுங்களே?"

"அது கல்யாண மண்டபத்துக்கு" என்றேன்.

நஞ்சப்பன் என்னைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் உருகின இரும்பின் நிறத்தைப் பார்த்தே பதம் சொன்னவர். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சட்டம் எழுதறவங்க நீங்க" என்றார். "உங்களுக்குத் தெரியாததுங்களா?"

சலுகை வந்ததால் கரண்ட் பில் இனி போனில்தான் வரும், அதற்கு ஓர் எண்ணைப் பதிவு செய்ய வேண்டும் என்றேன். மின் இணைப்பு அட்டையை எடுத்துக் கொடுத்தார். என் எண்ணைப் பதிவு செய்தேன். அது யாருடைய எண் என்று அவர் கேட்கவில்லை.

"ஆனா அம்மிணி, எனக்கும் ஒரு கோரிக்கை இருக்குதுங்க."

"சொல்லுங்க."

"சனிக்கெழமை மத்தியானம் அரிசியும்பருப்புஞ்சோறு ஆக்குவனுங்க. ஒருத்தனுக்கு ஆக்குனா அளவே வர்றதில்லீங்க. ரெண்டு பேருக்குன்னா சேரியா வரும். இதுக்குச் சம்மதம்னாத்தான் நான் மிஷினைப் போடுவனுங்க."

"மனு இருக்கா?" என்றேன்.

"வாய்மொழிதானுங்க."

சம்மதித்தேன். 10.25க்கு மிஷினைப் போட்டார். குழாயை மாட்டிக்கொண்டு அரிசி களைந்தார். நான் சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்து, அடுப்பையும் பார்த்துக்கொண்டேன். உப்பு கொஞ்சம் குறைவாக இருந்தது. ஆறு மணிவரை அங்கே இருந்தேன். அதுவரை மிஷின் நிற்கவில்லை.